கார் ஆடியோவில் இரைச்சலும் கரகரப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்களுக்கு ஆடியோ பொருத்தும் வேலையில் இருப்பவன் என்பதால், கல்யாண வீட்டுப் பந்தியிலும் பெட்ரோல் பங்க்கிலும்கூட என்னிடம் கேட்கப்படுபவை இந்தக் கேள்விகள்தான். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் இருபத்தொன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. பலர் ஸ்பீக்கரையோ செட்டையோ மாற்றிப் பணத்தைச் செலவழித்த பிறகு, இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது என்று வருகிறார்கள். ஆகவே, பொருள் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து எழுதியிருக்கிறேன்.

இங்கே 'செட்' என்பது டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ. 'ஆம்ப்' என்பது டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ தனியாக வைக்கப்படும் ஆம்ப்ளிஃபையர். 'எர்த்' என்பது பேட்டரியின் நெகடிவ் முனையோடு இணைந்திருக்கும் வண்டியின் உலோக உடல்.

1. பாட்டு கரகரவென்று கேட்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

அநேகமாக இல்லை. ஒரு கூம்பு, ஒரு செப்புக் கம்பிச் சுருள், ஒரு காந்தம் ஆகியவற்றால் ஆன எளிய கருவி ஸ்பீக்கர். கிழியாமலும் கருகாமலும் இருக்கும்வரை அது தனக்கு வந்ததைத்தான் ஒலிக்கும். தானாக இரைச்சலை உண்டாக்காது. ஸ்பீக்கரே கெட்டிருந்தால், எந்தப் பாட்டு ஓடினாலும், அந்த ஒரு மூலையில் மட்டும், சத்தம் கூடக் கூட ஓர் உரசல் கேட்கும். நான்கு கதவுகளிலும் ஒரே மாதிரி கரகரப்பு வந்தால், நான்கு ஸ்பீக்கர்களும் ஒரே நாளில் கெட்டிருக்குமா என்று ஒரு முறை யோசித்துக்கொள்ள வேண்டும்.

'கரகரப்பு' என்ற ஒரே சொல்லால் மக்கள் குறைந்தது ஐந்து வெவ்வேறு சத்தங்களைக் குறிப்பிடுகிறார்கள்: இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை, டக்டக்கென்ற சொடுக்கு, எப்போதும் இருக்கும் 'ஸ்ஸ்' என்ற சீறல், பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வரும் வெட்டு, சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் வரும் உடைசல். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு என்பதால், எது என்று முதலில் பிரித்துக்கொண்டால்தான் மேலே போக முடியும்.

2. எதையும் கழற்றாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பத்து நிமிடம் போதும். இன்ஜினை இயக்காமல் சாவியை ஒரு சுற்று மட்டும் திருப்பி, செட்டை ஓடவிட்டுக் கேளுங்கள். பிறகு இன்ஜினை இயக்கிக் கேளுங்கள். இன்ஜின் ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால் 3-ஆம் கேள்விக்கும் 8-ஆம் கேள்விக்கும் போகலாம். அடுத்து எஃப்.எம்., புளூடூத், பென் டிரைவ் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எஃப்.எம்.மில் மட்டும் இரைச்சல் என்றால் ஏரியல் பக்கம் தேட வேண்டும்; புளூடூத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் ஃபோனில் தேட வேண்டும்.

கடைசிச் சோதனைதான் மிக முக்கியமானது. வால்யூமை மெதுவாகப் பூஜ்யம் வரை குறையுங்கள். பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் குறைந்து மறைந்தால், அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்பே, அதாவது ஏரியல், ஃபோன், பாட்டுக் கோப்பு ஆகியவற்றில் ஒன்றின் வழியாக நுழைகிறது. பாட்டு அடங்கிய பின்னும் இரைச்சல் அதே அளவில் நின்றால், அது வால்யூமுக்குப் பின்னால், அதாவது ஆர்.சி.ஏ. கேபிள் (செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் கேபிள்), ஆம்ப், ஸ்பீக்கர் ஒயர் ஆகியவற்றில் ஒன்றில் நுழைகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு வருபவர் என் வேலையில் பாதியை முடித்துவிட்டுத்தான் வருகிறார்.

3. இன்ஜின் ஓடும்போது மட்டும் கொசு பாடுவது போல ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறுகிறது. ஏன்?

அது ஆல்டர்னேட்டரின் குரல். நம் பக்கத்தில் இன்னும் பலர் டைனமோ என்றே சொல்கிறார்கள். ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று கட்ட மாறுதிசை மின்சாரம். அதற்குள்ளேயே இருக்கும் டையோடுகள் அதை நேர்திசை மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகின்றன. மாற்றிய பின்னும் அது ஏரித் தண்ணீர் போல அசையாமல் இருப்பதில்லை; மேலே சிற்றலைகள் ஓடிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது இந்த அலைகள் ஏறத்தாழ வினாடிக்கு 1,000 என்ற அளவில் இருக்கும். வேகம் கூடினால் சில ஆயிரங்களுக்குப் போகும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் இந்தப் பகுதியைத்தான் என்பதால், மிகச் சிறிய அலைகூட எரிச்சலூட்டுகிறது.

இந்தச் சிற்றலை எல்லா வண்டிகளிலும் இருக்கிறது, ஆனால் எல்லா வண்டிகளிலும் கேட்பதில்லை. கேட்க வேண்டுமானால் அது பாட்டு செல்லும் பாதைக்குள் நுழைய வேண்டும். பெரும்பாலும் நுழைவது எர்த் வழியாக. செட்டின் எர்த் டேஷ்போர்டுக்குள் ஓர் இடத்திலும், ஆம்பின் எர்த் டிக்கியில் வேறோர் இடத்திலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே, இரண்டையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிக்கம்பி வழியாக அந்த வித்தியாசம் ஓடத் தொடங்குகிறது. ஆம்பால் பாட்டையும் இதையும் பிரித்தறிய முடியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும். வெளியில் ஆம்ப் பொருத்திய வண்டிகளில்தான் இந்தப் புகார் அதிகம் வருவதற்கு இதுவே காரணம்.

4. எர்த் நன்றாகத்தான் கொடுத்திருக்கிறது, டிக்கியில் ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கிறது. அப்புறமும் ஏன் வருகிறது?

போல்ட்டில் மாட்டியிருப்பதும் எர்த் ஆகியிருப்பதும் ஒன்றாகிவிடாது. சென்ற மாதம் ஒரு சிறிய காரில் பார்த்ததைச் சொல்கிறேன். உரிமையாளர் இரண்டு ஆர்.சி.ஏ. கேபிள்களையும் ஒரு ஃபில்டரையும் ஏற்கெனவே மாற்றியிருந்தார். டிக்கியின் விரிப்பைத் தூக்கி எர்த் போல்ட்டைக் கழற்றினேன். வளையத்துக்கு அடியில் தொழிற்சாலைப் பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் சாம்பல் நிறத்தில் பளபளத்தது; மின்சாரம் போல்ட்டின் மரையை மட்டும் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தேய்த்து வெள்ளை உலோகம் தெரியும்படி செய்து, வளையத்தை அழுத்திப் பிடித்தபோதே, போல்ட்டை முறுக்குவதற்கு முன்பே, ஊளை நின்றுவிட்டது. உரிமையாளர் செட் அணைந்துவிட்டது என்று நினைத்து முன்பக்கம் எட்டிப் பார்த்தார்.

எர்த் ஒயர் பாசிட்டிவ் ஒயர் அளவுக்கே பருமனாக இருக்க வேண்டும். அரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில், இணைத்து முடித்த பின் மேலே சிறிது பெயின்டோ கிரீஸோ தடவாவிட்டால், ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துப் பழைய கதை திரும்பிவிடும். சீட் பெல்ட் போல்ட்டை எக்காரணம் கொண்டும் எர்த்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட். அதைத் தளர்த்தி மாட்டுவது நம் வேலை அல்ல.

மீட்டரால் சோதிக்க விரும்புகிறவர்கள் ஓம் அளவையை நம்ப வேண்டாம். சாதாரண மல்டிமீட்டருக்கு இவ்வளவு சிறிய மின்தடையைச் சரியாக அளக்கத் தெரியாது. அதற்குப் பதிலாக மீட்டரை நேர்திசை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்பின் எர்த் திருகிலும் மற்றதை ஒரு நீள ஒயர் மூலம் பேட்டரி நெகடிவிலும் தொட்டு, பாட்டைச் சத்தமாக ஓடவிடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். 0.5 வோல்ட்டை எட்டினால் ஐயமே வேண்டாம், அங்கேதான் கோளாறு.

5. விலை அதிகமான ஆர்.சி.ஏ. கேபிள் வாங்கினால் தீரும் என்கிறார்கள். உண்மையா?

கேபிளின் விலையைவிட அது போகும் வழி முக்கியம். பேட்டரியிலிருந்து வரும் பவர் ஒயரும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே பக்கக் கால்மிதிக்கு அடியில் ஒன்றோடொன்று ஒட்டிச் சென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேபிளிலும் இரைச்சல் ஏறலாம். பவர் ஒயர் வலப்பக்கம் என்றால் ஆர்.சி.ஏ. இடப்பக்கம் போகட்டும். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் கூட்டல் குறி போலச் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இன்னொரு கோளாறு உண்டு, அனுபவமுள்ளவர்களையும் அலைக்கழிக்கும். ஆம்பின் எர்த் எப்போதாவது கழன்றிருந்தால், ஆம்புக்கான மின்சாரம் முழுவதும் திரும்பிச் செல்ல வேறு வழியில்லாமல் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிக்கம்பி வழியாகச் செட்டுக்குள் பாயும். செட்டுக்குள் இருக்கும் மெல்லிய பாதை அதைத் தாங்காமல் கருகிவிடும். பிறகு எர்த்தைச் சரி செய்தாலும் ஊளை போகாது. இதைக் கண்டுபிடிக்க, செட்டின் பின்புறம் உள்ள ஆர்.சி.ஏ. முனையின் வெளி வளையத்தையும் செட்டின் உலோகக் கூட்டையும் ஒரு துண்டு ஒயரால் தொட்டுப் பாருங்கள். ஊளை சட்டென்று நின்றால் கோளாறு செட்டுக்குள் இருக்கிறது. அந்த ஒயரை நிலையாக இணைத்துவிட்டாலே பல செட்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடுகின்றன.

6. ஒரு நாய்ஸ் ஃபில்டர் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே?

அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று செட்டின் பவர் ஒயரில் இடைமறிக்கும் கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும். அது எர்த் வழியாக வரும் ஊளையைத் தொடாது. மற்றொன்று ஆர்.சி.ஏ. பாதையில் மாட்டும் 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்'. அதற்குள் இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். இது ஊளையை நிறுத்தும், ஆனால் மலிவான வகைகளில் பேஸையும் (தாழ்ந்த ஒலிகளையும்) கொஞ்சம் கூடவே எடுத்துக்கொண்டு போகும். பேஸுக்கென்றே சப்வூஃபர் என்ற தனி ஸ்பீக்கர் வைத்திருப்பவர் இதைப் போடுவது, கூரை ஒழுகுகிறது என்று உள்ளே குடை பிடித்து உட்கார்வதைப் போன்றது. 12-ஆம் கேள்வியில் சொல்லும் ஓர் இடத்தில் மட்டும் நானே இதைப் பரிந்துரைக்கிறேன்.

7. ஆல்டர்னேட்டரே கெட்டிருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் அரிது. உள்ளிருக்கும் டையோடுகளில் ஒன்று போய்விட்டால் சிற்றலை பேரலையாகிவிடும். அப்போது ஊளை திடீரென்று ஒரு நாள் தொடங்கும். பழைய பொருத்தத்தில் எந்த மாற்றமும் செய்யாதபோதே தொடங்கும். இரவில் பேட்டரி இறங்குவதும் சேர்ந்து நடந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இன்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் கணினியே தேவைக்கேற்ப இதைக் கூட்டிக் குறைப்பதால், அங்கே சற்று முன்பின் இருந்தால் பதற வேண்டாம். அடுத்து மீட்டரை மாறுதிசை வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரி முனைகளிலேயே அளந்து பாருங்கள், 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: மலிவான சில மீட்டர்கள், இன்ஜின் ஓடாதபோதே மாறுதிசை அளவையில் இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டிப் பயமுறுத்தும். அது மீட்டரின் குறை.

8. ஊளை இல்லை, டக்டக்கென்று சொடுக்குகிறது. அதுவும் வேகத்தோடு கூடுகிறது.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு குட்டி மின்னல். மின்னல் வெட்டும்போது பழைய ரேடியோ கொரகொரப்பதைப் போலத்தான் இதுவும். இதை அடக்கவே பிளக்குக்குள் சுமார் 5 கிலோ ஓம் மின்தடை வைத்த வகை வந்தது. பல தயாரிப்புகளில் பிளக்கின் எண்ணில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து அதைக் குறிக்கும். சர்வீஸின்போது அந்த எழுத்து இல்லாத பிளக்கைப் போட்டுவிட்டால் எஃப்.எம்.மிலும் மீடியம் வேவிலும் சொடுக்கு தொடங்கிவிடும். அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் டிஸ்ட்ரிபியூட்டரின் கெப்பாசிட்டரையும் பிளக் ஒயர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அங்கே சொடுக்கு வந்தால் இண்டிகேட்டர், வைப்பர், எரிபொருள் பம்ப் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகிக்க வேண்டும். 'தித்-தி-தித்' என்று சில வினாடிகள் தாளம் போட்டு நின்றுவிட்டால் அது வண்டியே அல்ல; 2ஜி இணைப்பில் இருக்கும் ஒரு ஃபோன் செட்டின் பக்கத்தில் இருக்கிறது. ஃபோனை இடம் மாற்றி வைத்தால் போதும்.

9. பெரிய டச் ஸ்க்ரீன் செட் மாற்றினேன். அன்றிலிருந்து எஃப்.எம். சுத்தமாக எடுக்கவில்லை. செட் மட்டமா?

செட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் நீல ஒயரைத் தேடுங்கள். கூரையில் இருக்கும் குட்டைக் கம்பியும் சுறாத் துடுப்பு வடிவ ஏரியலும் தம் உயரத்தால் மட்டும் போதுமான சிக்னலைப் பிடிப்பதில்லை; பல வண்டிகளில் அவற்றின் அடியில் ஒரு சிறிய பூஸ்டர் இருக்கிறது. அந்தப் பூஸ்டருக்கு 12 வோல்ட் வேண்டும். கம்பெனி செட் அதை ஏரியல் ஒயர் வழியாகவோ தனி ஒயர் வழியாகவோ கொடுத்துக்கொண்டிருந்தது. புதிய செட்டில் அதற்கென ஒரு நீல ஒயர் இருக்கும். பொருத்தியவர் அதை எதிலும் இணைக்காமல் டேப் சுற்றி விட்டிருப்பார். பூஸ்டர் உயிரில்லாமல் இருக்கும்போது அது வெறும் தடையாகிவிடுவதால், நகர நடுவில்கூட ஓரிரு நிலையங்கள் மட்டுமே கரகரப்போடு கேட்கும்.

ஏரியல் ஒயர் வழியாகப் பவர் போகும் வண்டியாக இருந்தால், ஏரியல் பிளக்குக்கும் செட்டுக்கும் இடையில் போடும் பவர் அடாப்டர் ஒன்று தேவைப்படும். அது பெரிய விலையில்லை. கார் உபகரணக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் ஆம்பை ஆன் செய்வதற்கானது. சில செட்களில் வெறும் நீல ஒயரில் ரேடியோ ஓடும்போது மட்டுமே மின்சாரம் வரும் என்பதால், ஆம்பைத் தவறிப்போய் அதில் இணைத்தவர்கள், புளூடூத்துக்கு மாறியவுடன் பாட்டு நின்றுவிடுகிறது என்று வேறொரு புகாரோடு வருவார்கள்.

10. ஊரைத் தாண்டினால் எஃப்.எம். விட்டு விட்டு வருகிறது. பாலத்தடியில் நின்றால் இரைகிறது. பூஸ்டர் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். எஃப்.எம். அலைகள் ஏறத்தாழப் பார்வை செல்லும் தூரம்வரைதான் செல்லும். கோபுரத்தின் உயரம்தான் இங்கே கணக்கு. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் 100.5 மெகாஹெர்ட்ஸ் வானொலி, சமவெளியில் பல மாவட்டங்களில் கேட்பதும், நகரத்து நிலையங்கள் அடுத்த ஊர் வருவதற்குள் மங்குவதும் இதனால்தான். மீடியம் வேவ் அலைகள் தரையை ஒட்டி வெகுதூரம் வருபவை. சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தைத் தொலைவில் இருக்கும் ஊர்களிலும் கேட்கலாம். பாட்டின் தரம் குறைவு. அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

நகரத்துக்குள் நேராக வரும் அலையும் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையும் ஏரியலில் மோதிக்கொள்கின்றன. எஃப்.எம். அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். ஆகவே போக்குவரத்து சிக்னலில் நிற்கும்போது இரைந்தால், வண்டியை ஒரு முழம், இரண்டு முழம் முன்னால் நகர்த்தினாலே தெளிந்துவிடும். தெளிந்தால் உங்கள் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை.

11. டேஷ்கேம் மாட்டினேன், எல்.இ.டி. ஹெட்லைட்டும் போட்டேன். எஃப்.எம். போய்விட்டது. ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம்?

12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் சார்ஜரும் எல்.இ.டி. விளக்கின் டிரைவரும் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டியே வேலை செய்கின்றன. மலிவான பொருள்களில் இந்த வெட்டு வெளியே கசிவதைத் தடுக்கும் பாகங்களை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். கேம், சார்ஜர், விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். டேஷ்கேமின் ஒயர் ஏரியல் ஒயருடன் ஒரே தூணுக்குள் இறங்கினால் அதை மறுபக்கத் தூணுக்கு மாற்றுங்கள். ஒயரில் கவ்வும் ஃபெரைட் வளையம் ஓரளவு உதவும். சில எல்.இ.டி. பல்புகளுக்கு எதுவும் உதவாது. அவற்றைக் கழற்றி வைப்பதே வழி.

12. ஃபோனை ஆக்ஸ் ஒயரில் போட்டால் நன்றாக இருக்கிறது. சார்ஜரும் போட்டால் இரைகிறது.

3-ஆம் கேள்வியில் சொன்ன அதே எர்த் சுற்றுதான், சின்ன அளவில். ஃபோன் இப்போது சார்ஜர் வழியாக ஓர் எர்த்தையும், பாட்டைச் செட்டுக்குக் கொண்டுபோகும் ஆக்ஸ் ஒயர் வழியாக இன்னோர் எர்த்தையும் தொடுகிறது. இங்கே சுரண்ட பெயின்ட்டும் இல்லை, முறுக்க போல்ட்டும் இல்லை. ஆகவே ஆக்ஸ் ஒயரில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரை மாட்டுவதுதான் சரி. சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் சில நூறு ரூபாய்க்குள் எடுத்துக் கொடுப்பார்கள். புளூடூத் இருக்கும் செட்டாக இருந்தால் ஆக்ஸையே விட்டுவிடலாம்.

13. புளூடூத்தில் பாட்டு மந்தமாக, டெலிஃபோனில் கேட்பது போல இருக்கிறது. ஏன்?

முதலில் ஃபோனின் வால்யூமை உச்சத்துக்கு அருகில் வைத்து, செட்டின் வால்யூமால் கூட்டிக் குறையுங்கள். ஃபோனில் பாதியும் செட்டில் முழுவதும் வைத்தால் சீறல்தான் கூடும். டெலிஃபோன் போலவே கேட்டால், ஃபோன் உண்மையிலேயே அழைப்புக்கான இணைப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த இணைப்பு மோனோ. பேச்சுக்குப் போதுமானதை மட்டுமே கடத்தும். மைக்கைப் பிடித்து வைத்திருக்கும் செயலியை மூடிவிட்டு, புளூடூத் அமைப்பில் 'மீடியா ஆடியோ' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டுக் கோப்பையும் ஒரு முறை சந்தேகியுங்கள். எங்கிருந்தோ இறக்கிய 64 கே.பி.பி.எஸ். (வினாடிக்கு 64 கிலோபிட்) கோப்பை எந்த ஆம்பாலும் அழகாக்க முடியாது. அறுபதுகளின் பாடல்களில் இருக்கும் இரைச்சல் பழைய இசைத்தட்டிலேயே இருந்திருக்கலாம். ஒரே பாட்டை 320 கே.பி.பி.எஸ். தரத்தில் பென் டிரைவில் போட்டுக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

14. பெட்டியில் 50 வாட் என்று நான்கு தடவை போட்டிருக்கிறது. பாதிக்கு மேல் வைத்தாலே உடைகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். செட்டுக்கு வருவது அதிகபட்சம் 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ அதனாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8 வாட் வரும். பெட்டியில் போட்டிருக்கும் 50 வாட் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இது அலையின் தலையும் காலும் முழுவதுமாக வெட்டப்பட்டு, சதுரமாகிப்போன ஒலிக்கான கணக்கு. வெட்டுப்படாத ஒலிக்கு இதில் பாதி, சுமார் 26 வாட்தான் ஏட்டில் கிடைக்கும். உள்ளிழப்பும் போகக் கையில் கிடைப்பது பதினெட்டு, இருபது வாட். அதற்கு மேல் கேட்டால் செட் அலையின் தலையை வெட்டுகிறது. நீங்கள் கேட்கும் உடைசல் அதுதான்.

ஈக்வலைசரில் பேஸை உச்சத்தில் வைத்திருந்தால் இந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். பேஸை ஒரு படி குறைத்து, 'லவுட்னெஸ்' என்பதை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடுகிறது. வெட்டுப்பட்ட ஒலியைத் தொடர்ந்து ஓட்டினால் முதலில் கருகுவது பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர்தான்.

15. நான்கு ஸ்பீக்கரும் பாடுகின்றன, ஆனால் பேஸே இல்லை. சப்வூஃபர் வாங்க வேண்டுமா?

பாலன்ஸை முழுவதும் ஒரு பக்கத்துக்குத் தள்ளிக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பேஸ் கூடினால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு காற்றை வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுப்பதால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பாடுபவரின் குரலும் நடுவில் நிற்காமல் எங்கோ மிதப்பது போலத் தோன்றும்.

ஸ்பீக்கரின் முனைகளைச் செட்டிலிருந்து பிரித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் பட்ட முனையே ஸ்பீக்கரின் பிளஸ். செலவு எதுவும் இல்லை.

16. ஒரு கதவில் மட்டும் பாட்டு விட்டு விட்டு வருகிறது. கதவை ஓங்கிச் சாத்தினால் வருகிறது.

கதவுக்கும் உடலுக்கும் இடையே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர், கதவைத் திறக்கும்போதெல்லாம் மடங்கி விரிகிறது. பல ஆண்டுகளில் உறைக்குள்ளேயே செம்பு அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பாட்டு ஓடும்போது அந்த ரப்பரை மெதுவாக வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே இல்லையென்றால், கதவின் உட்புறப் பலகையைக் கழற்றி ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது.

கதவுக்குள் மழை நீர் இறங்குவது இயல்பு. கீழே அதற்கென வடிகால் துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் காகிதக் கூம்பு ஊறி விடும்.

17. குறிப்பிட்ட பாட்டில் மட்டும் கதவு 'ப்ர்ர்' என்கிறது.

அது ஒலியமைப்பின் கோளாறு அல்ல, பிளாஸ்டிக் அதிர்கிறது. பாட்டை ஓடவிட்டு, ஒருவர் உள்ளங்கையால் பலகையை அங்கங்கே அழுத்தட்டும். சத்தம் நிற்கும் இடத்தில் ஒரு கிளிப் உடைந்திருக்கும் அல்லது ஒரு திருகு கழன்றிருக்கும். கதவுத் தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டாம்பிங் ஷீட் ஒட்டினால் பேஸும் இறுகும்.

18. எல்லா ஸ்பீக்கரின் மைனஸையும் சேர்த்து பாடியில் எர்த் செய்திருக்கிறார்கள். சரிதானே, எர்த் எர்த்தானே?

தவறு. இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களுமே உயிருள்ளவை. எர்த்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றிலும் பேட்டரி அளவில் ஏறத்தாழப் பாதி, ஆறேழு வோல்ட் நிற்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஆடுவதால்தான் 14-ஆம் கேள்வியில் சொன்ன வாட் கிடைக்கிறது. மைனஸை உடலில் தொட்டால் உடைசல் வரும், செட் தானாக அணைந்து அணைந்து எரியும், கெட்ட நேரமாக இருந்தால் உள்ளே ஐ.சி. போய்விடும். முற்காலத்து வண்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கருக்கு ஒரே ஒயர் இழுத்து, மற்றதை உடலில் சேர்த்திருப்பார்கள். அந்த ஒயரிங்கில் புதிய செட்டை மாட்டும்போதுதான் இந்த விபத்து நடக்கிறது. புதிதாக இரட்டை ஒயர் இழுத்தே ஆக வேண்டும்.

19. ஆம்பின் கெயினை முழுவதும் திருப்பி வைத்திருக்கிறேன். சீறல் கேட்கிறது. குறைத்தால் பவர் குறைந்துவிடாதா?

குறையாது. கெயின் என்பது செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்திக்கொள்ளும் திருகு. வால்யூமைப் போலப் பயன்படுத்துவதற்கானது அல்ல. கெயினை முற்றிலும் குறைத்து, செட்டின் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, பழகிய பாட்டு ஒன்றை ஓடவிட்டு, உடையத் தொடங்கும்வரை கெயினைக் கூட்டி, அங்கிருந்து ஒரு இழை பின்னால் திருப்பிவிடுங்கள். சீறலும் 3-ஆம் கேள்வியின் ஊளையும் பல வண்டிகளில் இதிலேயே பாதியாகிவிடும். ஸ்பீக்கரில் காதை வைத்தால் மட்டும் கேட்கும் சீறலுக்காக அலைய வேண்டாம். ஓட்டுநர் இருக்கையில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜின் ஓடும்போது கேட்கிறதா என்பதே அளவுகோல்.

20. இதையெல்லாம் நானே கழற்றிப் பார்க்கலாமா? வாரண்டி போய்விடாதா?

பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிய பின்பே ஒயரில் கை வைக்க வேண்டும். மஞ்சள் நிறக் கப்ளரும் மஞ்சள் உறை போட்ட ஒயரும் பெரும்பாலும் ஏர்பேக்குக்கானவை; அவற்றை மீட்டரால்கூடத் தொடாதீர்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல், வண்டிக்கு ஏற்ற கப்ளர் வாங்கிப் பொருத்தினால் வாரண்டித் தகராறுக்கு இடம் குறையும். ஆம்புக்கான பவர் ஒயரில் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இல்லையென்றால், இரைச்சலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வண்டி தீப்பிடிக்காமல் இருக்க முதலில் அதைப் போடுங்கள்.

21. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சத்தமே வருவதில்லை. வீட்டுக்கு வந்தால் மறுபடி வருகிறது. என்ன செய்வது?

சத்தம் வரும் நேரத்தில் ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஏ.சி., விளக்கு, மழை, வெயில் ஆகிய விவரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தாத்தா இப்படி மூன்று பதிவுகளைக் கொண்டுவந்தார். "தம்பி, உங்களிடம் வருகிறேன் என்றால் இது ஒளிந்துகொள்கிறது" என்றார். மூன்றிலும் ஊளை தொடங்குவதற்குச் சற்று முன் 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம் இருந்தது. ஏ.சி. கம்ப்ரஸர் ஒட்டும் சத்தம் அது. என்னிடம் அவர் காலை நேரத்தில், ஏ.சி. போடாமல் வந்துகொண்டிருந்தார்.

ஏ.சி.யும் மின்விசிறியும் கூடுதலாக மின்சாரம் இழுக்கும்போது மட்டும் எங்கோ எர்த் தளர்கிறது என்று தெரிந்ததால், 4-ஆம் கேள்வியின் சோதனையை இந்த முறை இன்ஜினுக்கும் உடலுக்கும் இடையே செய்தேன். ஏ.சி. ஆன் ஆனவுடன் மீட்டர் 0.7 வோல்ட்டுக்கு ஏறியது. பானட்டுக்கு அடியில் இன்ஜினை உடலோடு இணைக்கும் பின்னல் பட்டை பச்சை பூத்துக் கிடந்தது. கழற்றும்போது கையிலேயே இரண்டாகப் பிரிந்து வந்தது.